அடிக்குறிப்போடு ஒரு நற்செய்தி: புதுவையிலிருந்து யோவானை வாசித்தல்

கத்தோலிக்கத் திருஅவைச் சட்டத் தொகுப்பில் 825-ஆம் சட்டம் என்று ஒன்று உண்டு. 1983-இல் வெளியான இத்தொகுப்பின்படி, விவிலியத்தை எந்த மக்கள் மொழியில் பெயர்த்தாலும் திருத்தந்தையின் ஆட்சிப்பீடமோ ஆயர் பேரவையோ ஒப்புதல் தர வேண்டும். அதோடு நிற்காமல், தேவையான அளவு விளக்கக் குறிப்புகளும் உடன் அச்சாக வேண்டும் என்கிறது அச்சட்டம். வெறும் மூலத்தை மட்டும் அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்குக் கத்தோலிக்க மரபில் இடமில்லை. ஞாயிறு தவறாமல் புதுச்சேரியின் சம்பா கோயிலுக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கும் போகிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக எழும்: அந்தக் குறிப்புகள் எங்கே? தமிழில் எவ்வளவு இருக்கின்றன? அவற்றை வைத்துக்கொண்டு ஒரு நற்செய்தியை முறையாகப் படிக்க முடியுமா?

இக்கேள்வியைப் புதுச்சேரியிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்க அச்சுத் தொழிலின் பெரிய பட்டறைகளில் ஒன்று இந்த ஊரில்தான் இருந்தது. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையினர் 19-ஆம் நூற்றாண்டில் நடத்திய மிஷன் அச்சகத்தில்தான் முசே, துய்புய் அடிகளாரின் தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-இலும் 1862-இலுமாக இரண்டு தொகுதிகளாக வந்தது. 1857-இல் வுல்காத்தா எனும் இலத்தீன் விவிலியத்திலிருந்து பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் இங்கிருந்தே வந்தது. ஆனால் அதற்கு ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1715-இல், தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்திருந்தார். கடற்கரையோரமாகவே நடந்துபோனால் எட்டிவிடும் தூரம். இவ்வளவு காலம் ஏன் பிடித்தது என்பதற்கான விடையின் ஒரு பாதி அடிக்குறிப்பில் இருக்கிறது.

1804-இல் தொடங்கிய பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் அடிப்படை விதி, குறிப்பும் விளக்கமும் சேர்க்காமல் விவிலியத்தை வெளியிட வேண்டும் என்பது. பல பிரிவுச் சபைகள் ஒன்றுகூடிப் பணம் போட்ட சங்கம் அது. குறிப்பு எழுதினால் சண்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கத் தரப்பு நேர் எதிர்த் திசையில் நின்றது. திரிதெந்தீன் பொதுச்சங்கத்துக்குப் பிறகு, 1564-இல் வந்த விதிப்படி, தாய்மொழி விவிலியத்தைப் படிக்க ஆயரின் அனுமதி வேண்டியிருந்தது. 1757-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் இந்தக் கட்டு தளர்ந்தது: திருஅவைத் தந்தையரிடமிருந்து எடுத்த குறிப்புகளோடு வந்தால் படிக்கலாம். ஆக, மக்கள் கைக்கு விவிலியம் வர வழி திறந்ததே குறிப்புதான். மூடி வைத்ததும் அதே குறிப்புதான் என்று சொல்வோரும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது.

குறிப்பு என்றாலே பாதுகாப்பு என்று எண்ணிவிடவும் கூடாது. நற்செய்திகளில் ஒன்றுக்கு எழுதப்பட்ட உரைகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது யோவான் நற்செய்திக்கு எழுதப்பட்டது. எழுதியவர் எராக்கிளியோன், 2-ஆம் நூற்றாண்டின் ஞானமார்க்கத்தவர். திருஅவை ஏற்காத கொள்கைக்காரர். அவரை இடையிடையே மறுத்து இறையியலர் ஒரிஜன் எழுதிய பேருரை வழியாகத்தான் அவருடைய வரிகளே நமக்குக் கிடைத்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டுக்கு வந்தால், பாஸ்கியே கெனெல் என்ற பிரெஞ்சுக் குரு புதிய ஏற்பாட்டுக்கு வசனம் வசனமாக எழுதிய சிந்தனைக் குறிப்புகளிலிருந்து 101 கருத்துகளைப் பொறுக்கியெடுத்து, 1713-இல் திருத்தந்தை கண்டித்தார். பிரான்ஸ் பல பத்தாண்டுகள் அந்தச் சண்டையில் பிளவுபட்டுக் கிடந்தது. அந்தப் பிரான்சிலிருந்துதான் புதுச்சேரிக்குக் குருக்கள் வந்துகொண்டிருந்தார்கள். தாய்மொழி விவிலியத்துக்கு அவர்கள் அவசரப்படாததில் வியப்பில்லை.

தமிழ் வாசகருக்கு உரை புதிதல்ல. குறளைப் பரிமேலழகரோடும் சிந்தாமணியை நச்சினார்க்கினியரோடும் படித்துப் பழகிய மொழி இது. மூலத்தை மட்டும் தனியே வைத்துப் படிப்பதுதான் நமக்குப் பிற்காலப் பழக்கம். மறைபரப்பாளர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். தேம்பாவணிக்கு வீரமாமுனிவரே உரை எழுதினார். இலங்கையில் பணியாற்றி 1742-இல் மறைந்த கோவாக்காரர் யாக்கோமே கொன்சால்வெஸ் 'சுவிசேஷ விரித்துரை' எழுதினார். கத்தோலிக்கர் கைக்கு விவிலிய மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே நற்செய்தி விளக்கம் தமிழில் வந்துவிட்டது. பிறகு மதுரைப் பக்கம் இயேசு சபையின் திரிங்கால் அடிகளார் 1890-களின் தொடக்கத்தில் ஒரு புதிய ஏற்பாடு தந்தார். இந்தக் காலத்துக் கத்தோலிக்க விளக்கங்களின் குரல் பெரும்பாலும் காவல்காரக் குரல். எதிர்த் தரப்பு இந்த வசனத்தைக் காட்டினால் இப்படிப் பதில் சொல் என்பதே அவற்றின் முதல் கவலை.

அந்தக் குரல் மாறியது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில். 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மூலமொழிகளிலிருந்தே பெயர்க்கவும், அந்தந்த நூலின் இலக்கிய வகையறிந்து பொருள் கொள்ளவும் வழி திறந்துவிட்டார். 1964-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு, நற்செய்திகள் மூன்று கட்டங்களில் உருவானதை ஏற்றுக்கொண்டது: இயேசு சொன்னதும் செய்ததும், திருத்தூதர்கள் அறிவித்தது, நற்செய்தியாளர் தேர்ந்து தொகுத்து எழுதியது. மறு ஆண்டு நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏடு வந்தது. கத்தோலிக்கப் பார்வையில் நற்செய்தியைப் படிப்பது என்றால் என்ன என்பதற்கு அந்த ஏட்டின் 12-ஆம் எண்தான் இன்றும் அளவுகோல். எழுதியவர் என்ன சொல்ல நினைத்தார் என்று அவர் காலத்தை வைத்துத் தேடு. பிறகு விவிலியம் முழுவதையும், திருஅவையின் உயிருள்ள மரபையும், நம்பிக்கை உண்மைகளின் இயைபையும் வைத்துப் பார். சாரம் அவ்வளவுதான். முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் வரலாற்றாசிரியர் ஆகலாம். பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் மீண்டும் காவல்காரர் ஆகலாம். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கடினம்.

இந்த மாற்றத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னணியில் நின்றவர் நம் உயர்மறைமாவட்டக் குருதான். கல்லேரியில் பிறந்த து. ச. அமலோற்பவதாஸ், திண்டிவனத்தில் மறைக்கல்விப் பணியில் தொடங்கி, பாரிசில் படித்துவிட்டு வந்து, 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவினார். 1990-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். பிற சமய நூல்களை வழிபாட்டிலும் சிந்தனையிலும் எப்படி எடுத்தாள்வது என்று 1974-இல் அவர் கூட்டிய கருத்தரங்கு அன்று பெரும் சலசலப்பை உண்டாக்கியது. புதுவைத் தெருக்களில் அவர் பெயரைச் சொன்னால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய அண்ணன் கர்தினால் சைமன் லூர்துசாமியை மட்டும் நினைவு வைத்திருக்கிறோம்.

அடுத்து 1995. திண்டிவனத்திலிருக்கும் தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் சேர்ந்து திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தன. கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்த வேலை. நடை தெளிவு, பல இடங்களில் அழகு. ஆனால் இதற்கு நாம் ஒரு விலை கொடுத்தோம். வேதாகமச் சங்கங்களும் வத்திக்கானும் 1968-இல் செய்துகொண்ட வழிகாட்டு நெறிகளின்படி, கூட்டு மொழிபெயர்ப்பில் வரும் குறிப்புகள் இரு தரப்புக்கும் பொதுவானவையாக இருக்க வேண்டும்: மாற்றுப் பாடம், பெயர் விளக்கம், வரலாற்றுப் பின்னணி, ஒத்த வசனங்கள், அவ்வளவே. மரியாவைப் பற்றியோ நற்கருணையைப் பற்றியோ பேதுருவின் தலைமை பற்றியோ கத்தோலிக்கர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அடிக்குறிப்பில் விரித்துப் பேச அங்கே இடமில்லை. உடன்பாடு நியாயமானது; நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் விட்டுப்போன குறிப்புகளைத் தனி நூலாக எழுதித் தந்திருக்க வேண்டும். அது இன்னும் முழுமையாக நடக்கவில்லை என்பதுதான் என் குறை.

குறிப்பு என்ன செய்யும் என்பதை ஓரிடத்தை எடுத்து நெருங்கிப் பார்த்தால் விளங்கும். யோவான் நற்செய்தி, 4-ஆம் அதிகாரம். நண்பகல் வெயில். நடந்து களைத்த இயேசு சமாரியாவில் யாக்கோபின் கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். அவளுக்கு அதிர்ச்சி. யூதர் ஒருவர் சமாரியப் பெண்ணிடம் கேட்பதா? இங்கே நற்செய்தியாளர் கதையை நிறுத்தி, யூதருக்கும் சமாரியருக்கும் இடையே புழக்கம் இல்லை என்று தாமே ஒரு விளக்கம் சேர்க்கிறார். இது நற்செய்திக்குள்ளேயே எழுதப்பட்ட அடிக்குறிப்பு. யோவான் இப்படி அடிக்கடி செய்வார். ரபி என்றால் என்ன, மெசியா என்றால் யார், சீலோவாம் குளத்தின் பெயர்ப் பொருள் என்ன என்று வாசகருக்காக நின்று சொல்லிவிட்டுப் போவார். சமாரியர் பற்றிய இந்த விளக்கம் சில பழைய கையெழுத்துப் படிகளில் இல்லை. நல்ல குறிப்பு நூல் இதை மறைக்காமல் சொல்லும்.

அந்தப் புழக்கம் எது? ஒரே பாத்திரத்தில் குடிக்காதிருப்பதைத்தான் யோவான் சொல்கிறார் என்று 1950-இல் டேவிட் டாபே என்ற அறிஞர் வாதிட்டார். எல்லா அறிஞரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஐரோப்பிய வாசகருக்கு ஆராய்ச்சிக் கட்டுரை தேவைப்பட்ட இடம் நமக்குச் சட்டென்று புரிகிறது. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைத்த நாடு இது. இயேசுவிடம் மொள்ளப் பாத்திரமில்லை என்று அந்தப் பெண்ணே சுட்டிக்காட்டுகிறாள். அவர் குடித்தால் அவள் குடத்திலிருந்துதான் குடிக்க வேண்டும். இந்த ஒரு குறிப்பைத் தமிழில் தமிழர் எழுத வேண்டும். வேறு யாரும் இவ்வளவு கூர்மையாக எழுதிவிட முடியாது.

அதைப் புதுச்சேரிக்காரர் எழுதினால் இன்னொன்றும் சேர்ப்பார். 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அன்றைய சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரிக்க ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் பெரிய குருவிடம் முறையிட்டார்கள்; சுவர் இடிக்கப்பட்டது; மற்றவர்கள் கொந்தளித்தார்கள். அந்தக் கோயில் கட்டடம் 1761 முற்றுகைக்குப் பின் ஆங்கிலேயரால் தரைமட்டமானது. இன்றிருப்பது 1791-இல் முடிந்தது. கட்டடம் போனாலும் செய்தி போகவில்லை. யோவான் 4-க்குக் கீழே இந்த நிகழ்ச்சியை இரண்டு வரியில் போட்டால், வாசகர் அந்தக் கிணற்றைப் பாலஸ்தீனத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுப் போக முடியாது.

அடுத்த சிக்கல், ஐந்து கணவர்கள். பங்குக் கோயில் மறையுரைகளில் இந்தப் பெண் நடத்தை கெட்டவளாகவே வருகிறாள். நற்செய்தியில் இயேசு அவளைக் கண்டிக்கவும் இல்லை, பாவமன்னிப்புப் பற்றிப் பேசவும் இல்லை. கணவர்கள் இறந்திருக்கலாம், விலக்கியிருக்கலாம். அன்று மணவிலக்கு ஆண் கையில் இருந்தது. புனித அகுஸ்தினார் தம் யோவான் உரையில் ஐந்து கணவரை ஐம்புலன்கள் என்று கொண்டார். வேறு சிலர் அரசர் இரண்டாம் நூலின் 17-ஆம் அதிகாரத்துக்குப் போய், அசீரியர் சமாரியாவில் குடியேற்றிய ஐந்து நாட்டு மக்களையும் அவர்களுடைய தெய்வங்களையும் காட்டுவர். ரேமண்ட் பிரவுன் போன்ற இக்கால அறிஞர்கள் இந்த உருவக விளக்கத்தை எச்சரிக்கையோடு கையாள்கிறார்கள். தந்தையரின் உரையைத் தூக்கியெறியாமலும், அதுவே நேர்பொருள் என்று சாதிக்காமலும், இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதுதான் கத்தோலிக்கக் குறிப்பின் வேலை. கிணற்றடியில் ஆணும் பெண்ணும் சந்திப்பது விவிலியத்தில் திருமணப் பேச்சுக்கு முன்னுரை என்பதையும் சொல்ல வேண்டும்: ரெபேக்கா, ராகேல், சிப்போரா மூவரும் கிணற்றடியில்தான் கண்டெடுக்கப்பட்டார்கள். யோவான் 3-இல் திருமுழுக்கு யோவான் இயேசுவை மணமகன் என்று குறித்த சூடு ஆறுவதற்குள் இந்தக் காட்சி வருகிறது.

பிறகு மலை. எந்த மலையில் வழிபடுவது என்ற அவள் கேள்வி பேச்சை மாற்றும் தந்திரம் அல்ல. கெரிசிம் மலையிலிருந்த சமாரியர் கோயிலை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அழித்திருந்தார். ஊர்க்காயம் அது. இன்றும் ஆயிரத்துக்கும் குறைவான சமாரியர்கள் அந்த மலையை விடாமல் வாழ்ந்து வருகிறார்கள்.

வழிபாடு வேறொரு அடுக்கைச் சேர்க்கிறது. மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதலாம் ஆண்டில், தவக்கால மூன்றாம் ஞாயிறன்று இந்தப் பகுதிதான் வாசகம். உயிர்ப்புப் பெருவிழாவில் திருமுழுக்குப் பெறவிருப்போரை ஆயத்தப்படுத்தும் நாள் அது. கிணற்றுத் தண்ணீரைத் திருமுழுக்குத் தண்ணீராகத் திருஅவை வாசிப்பது அந்தச் சூழலில்தான். தனியே எழுதிய குறிப்பைவிட, எந்த நாளில் எதற்குப் பக்கத்தில் வாசிக்கிறார்கள் என்பதே வலுவான விளக்கம். 1969-இல் வந்த மூன்றாண்டு ஞாயிறு வாசக முறையில் மத்தேயுவுக்கும் மாற்குக்கும் லூக்காவுக்கும் தனி ஆண்டுகள் உண்டு. யோவானுக்கு இல்லை, அவர் தவக்காலத்திலும் பாஸ்காவிலும், மாற்கு ஆண்டின் நடுவே 6-ஆம் அதிகாரத்துக்கான ஐந்து ஞாயிறுகளிலும் வந்து போவார். அதனால்தான் யோவானை முழுதாகப் படித்த கத்தோலிக்கர் அரிது. ஒரு நற்செய்தியைத் தனியே எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் அவரிடமிருந்து தொடங்கலாம் என்பேன்.

கையில் கிடைக்கும் துணைநூல்களைப் பற்றி. பிரெஞ்சு தெரிந்த புதுவை வீடுகளுக்கு 1956-இல் ஒரே தொகுதியாக வந்த எருசலேம் விவிலியம் உண்டு. ஓரத்தில் அடுக்கிய ஒத்த வசனங்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆங்கிலத்தில் இக்னேஷியஸ் கத்தோலிக்க ஆய்வு விவிலியத்தின் புதிய ஏற்பாடு 2010-இல் நூலாக வந்தது. தந்தையர் மேற்கோளும் மறைக்கல்வி ஏட்டு எண்களும் தாராளம். ஆனால் வரலாற்றுக் கேள்விகளில் அவசரமாக முடிவு கட்டிவிடுகிறது. அமெரிக்க ஆயர்களின் விவிலியக் குறிப்புகள் இதற்கு நேர்மாறு. ஆராய்ச்சி சரி, ஈரம் குறைவு. நம் நாட்டில் நடந்த துணிச்சலான முயற்சி 2008-இல் மும்பை புனித பவுல் வெளியீடாக வந்த 'நியூ கம்யூனிட்டி பைபிள்'. உபநிடதமும் காந்தியும் தாகூரும் குறிப்புகளில் இடம்பெற்றார்கள்; மரியா பொட்டு வைத்திருந்தாள். எதிர்ப்புக் கிளம்பியது, திருத்திய பதிப்பு 2011-இல் வந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் எல்லாமே தவறில்லை. சில குறிப்புகள் வசனத்தோடு ஒட்டாமல் தொங்கின. ஆனால் இந்திய மண்ணிலிருந்து குறிப்பு எழுதலாம் என்ற அடிப்படை சரியானது. புனேயில் கற்பித்து 1995-இல் மறைந்த ஜார்ஜ் சோர்ஸ்-பிரபு இதையே பல ஆண்டுகள் சொல்லிவந்தார். தமிழில் நிலைமை வேறு. ஞாயிறு மறையுரைக்கு உதவும் குறிப்புகள் ஏராளம். அவை குருக்களுக்கானவை, வாரம் முடிந்தால் பழசாகிவிடுபவை. மக்கள் கையில் வைத்து ஓர் ஆண்டு முழுக்கப் படிக்கக்கூடிய, வசனம் வசனமான, கத்தோலிக்கக் குறிப்போடு கூடிய ஒற்றை நற்செய்தி நூல் எளிதில் கண்ணில் படுவதில்லை.

இதனால் யாருக்கு இழப்பு? பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களைப் பாருங்கள். தென் ஆப்பிரிக்காவின் லும்கோ நிலையத்திலிருந்து வந்த ஏழு படி முறையில் வாசகத்தைப் படித்து, அமைதி காத்து, மனதில் பட்டதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். செபத்துக்கு மிக நல்ல முறை. ஆனால் மனதில் பட்டதே பொருள் என்ற முடிவுக்கு மெல்ல வந்துவிடுகிறார்கள். பக்கத்துத் தெருச் செபக்கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து நாலு வசனத்தை எடுத்து வீசினால் பதில் சொல்லத் தெரியாமல் திகைக்கிறார்கள். இல்லையேல் அவர்களும் வசனம் வீசத் தொடங்குகிறார்கள். 1993-இல் விவிலிய ஆணைக்குழு வெளியிட்ட ஏடு, பல ஆய்வு முறைகளைப் பொறுமையோடு சீர்தூக்கிவிட்டு, சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பை மட்டும் மிகக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஏடு எந்த அன்பியத்திலாவது படிக்கப்பட்டதா?

ஒரு மறுப்பு எழலாம்: எளிய மக்களுக்கு இவ்வளவு குறிப்பு எதற்கு, குழம்பிப் போவார்கள். எனக்கு இது ஏற்புடையதல்ல. குறளின் ஒரே அதிகாரத்துக்கு நான்கு உரையாசிரியர் நான்கு விதமாகப் பொருள் சொல்வதைப் பட்டிமன்றத்தில் கைதட்டிக் கேட்கிற மக்கள்தான் இவர்கள். குழப்பம் வருவது குறிப்பு மிகுவதால் அல்ல. எது ஐயமற்றது, எது மரபின் விளக்கம், எது எழுதியவர் கருத்து என்று பிரித்துக் காட்டாத குறிப்பால். யோவான் 4-இல் அந்தச் சமாரிய ஊரார் கடைசியில் கிணற்றடிப் பெண்ணிடமே, இனி உன் பேச்சுக்காக நம்பவில்லை, நாங்களே கேட்டோம் என்கிறார்கள். வழிகாட்டி நூல் அந்த இடம்வரை கூட்டிக்கொண்டு போனால் போதும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எல்லா நூலுக்கும் பெரிய தொகுதிகள் திட்டமிட்டுக் காத்திருக்க வேண்டாம். திண்டிவனமும் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டமும் சேர்ந்து யோவான் நற்செய்தி ஒன்றை மட்டும் எடுக்கட்டும். பொது மொழிபெயர்ப்பின் பாடத்துக்குக் கீழே வரலாறு, தந்தையர், வழிபாடு, நம் ஊர் என்று குறிப்புகள் தனித்தனியே அடையாளம் தெரிய வரட்டும். எழுதுகிறவர்களில் பொதுநிலையினரும் பெண்களும் தலித் கிறிஸ்தவர்களும் இருக்கட்டும். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் போக வேண்டாம். 825-ஆம் சட்டம் கேட்பது இதைத்தான். கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லையென்றால் அன்பியங்கள் கேட்டு வாங்க வேண்டும்.